ஏறுவதற்குப் படி, இறங்குவதற்கு லிஃப்ட்

விடியற்காலையில் திரையம்மாவுக்கு மறுபடியும் அந்தக் கனவு வந்தது.

கனவில் அவள் ஒரு மலைச்சரிவில் நிற்கிறாள். எதிரே வெள்ளையாக, மெல்லியதாக ஒரு மேகம் வருகிறது. கையை நீட்டித் தொட்டுப் பார்க்கிறாள். விரல் நுனியால் துணியின் ரகம் சொல்கிறவள் ஆயிற்றே, கனவிலும் அந்தப் பழக்கம் போகவில்லை. 'நல்ல நெசவு, இழையே தெரியல' என்று நினைத்துக்கொள்கிறாள். எத்தனை ஜன்னலுக்குத் தேறும் என்று அளக்க ஆரம்பிக்கிறாள். அளவு நாடா பாதி விரியும்போது விழிப்பு வந்துவிடுகிறது. ஒரு நாளாவது அளந்து முடித்ததில்லை.

பழைய வாசகர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். புதிதாக வந்தவர்கள் மட்டும் கொஞ்சம் உட்காருங்கள்.

திரையம்மா என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். ஜன்னல் திரைகள் தைப்பது அவள் தொழில். சில மாதங்களுக்கு முன் ஒரு பதினோராம் மாடி வீட்டில் ஜன்னலுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, தூரத்து மலையின் தோளில் ஒரு மேகம் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தாள். அதற்குள் போய் நிற்க வேண்டும் என்று தோன்றியது. ஐம்பத்துமூன்று வயதில், வாய்விட்டு வெளியே சொன்ன முதல் ஆசை அதுதான். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக், அதிகம் பேசாத மனிதர். "போலாமே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

மலையேற்றக் குழு ஒன்றில் இருவர் பெயரையும் கொடுத்தாயிற்று. வருகிற வெள்ளிக்கிழமை பயணம். மகள் குட்டி செருப்புக் கடையில் வேலை பார்க்கிறாள். இரண்டு ஜோடி மலை ஷூ கொண்டுவந்து கொடுத்தாள். அவளைக் கூட வரச் சொல்ல முடியாது. கடையில் மேல் தட்டுப் பெட்டியை எடுக்க ஸ்டூலில் ஏறினாலே தலை சுற்றும் பிறவி.

வீட்டில் நாலாவது ஆள் மெக்கானிக்கின் அக்கா. தபால்காரியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தெருவுக்கே தபாலக்கா. தபாலக்காவும் திரையம்மாவும் நேருக்கு நேர் பேசி ஒரு வருஷம் ஆகிறது. காரணம் ஒரு திரை. மழை மூட்டமாக இருந்த ஒரு நாளில், நாத்தனார் அறை ஜன்னல் வெறிச்சென்று கிடக்கிறதே என்று திரையம்மா ஆசை ஆசையாக ஒரு திரை தைத்து மாட்டினாள். மறுநாள் அது மடித்து அவள் தையல் மெஷின்மேல் இருந்தது. ஒரு வார்த்தை இல்லை. கைவேலையை வாழ்க்கையாகக் கொண்டவளுக்கு அதைவிட வேறென்ன அவமானம் வேண்டும்? அன்று சாத்திக்கொண்ட வாயை இருவரும் இன்னும் திறக்கவில்லை. பேச வேண்டியதையெல்லாம் குட்டி வழியாகப் பேசினார்கள்.

இன்றைக்குச் சனிக்கிழமை. இன்றைக்குத்தான் சோதனை.

குழுவின் தலைவி நேரில் வந்து, முதுகில் பையோடு இருவரும் படியேறுவதைப் பார்ப்பாள். அவள் சரி என்றால்தான் வெள்ளிக்கிழமை பஸ்ஸில் இடம்.

காலை டீக்கு நாலு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"குட்டி, சாண் ஏறினா முழம் சறுக்கும்னு பெரியவங்க சும்மா சொல்லி வைக்கல. உங்கம்மாகிட்ட சொல்லு" என்றாள் தபாலக்கா, எதிரே இருந்த திரையம்மாவைப் பார்க்காமல்.

"குட்டி, சறுக்கினா விழப்போறது நான்தான். உங்க அத்தைக்கு எதுக்குக் கவலைன்னு கேளு."

குட்டி கோப்பையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "ரெண்டு பேருக்கும் காது நல்லா இருக்கு. கேட்டுடுச்சு. விடுங்க."

மெக்கானிக் வாசல் பக்கம் குனிந்து புது ஷூவை மாட்டிக்கொண்டிருந்தார். காலைக் கடிக்கும் என்று பயந்து இத்தனை நாளும் அதைத் தொடாமல், பழைய கான்வாஸ் ஷூவிலேயே பயிற்சி செய்தவர். இன்றுதான் முதன்முறையாகப் போடுகிறார். எழுந்து நாலு எட்டு நடந்து பார்த்தார்.

"அட, கடிக்கவே இல்ல. நல்ல தோலு. வெச்ச இடத்துலயே இளகிடுச்சு பாரு."

"தோல் தானா இளகாதுப்பா. யாராவது போட்டு நடந்தாதான் இளகும்" என்றாள் குட்டி.

"உங்க கடைச் சரக்க நல்ல சரக்குன்னு சொன்னா ஒத்துக்கயேன்."

தபாலக்கா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து தன் அறைக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. எப்போதும் அப்படித்தான் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

பயிற்சி நடக்கும் இடம், மெக்கானிக் லிஃப்ட் பார்த்துக்கொள்ளும் பதினெட்டு மாடிக் குடியிருப்பு. மூன்று வாரமாக தினமும் சாயங்காலம் இருவரும் அங்கேதான் ஏறினார்கள். அவள் பையில் பழைய திரைத் துணிகள், அவர் பையில் ஸ்பேனரும் சுத்தியலும்.

தலைவி வாசலிலேயே காத்திருந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கழுத்தில் ஒரு விசில் தொங்கியதால் நாமும் அவளை விசில் என்றே கூப்பிடுவோம். திரையம்மாவின் கண், தொழில் புத்தி, முதலில் அவள் பையின் அடிப்பக்கத்துக் கறையில் போய் நின்றது.

"துவைச்சும் போகலியாம்மா?"

"போகாதும்மா. ரெண்டு நாளா மலையடிவாரத்துல இருந்தேன். அங்க மட்டும் ஒரே செம்மண். நம்ம ஊர் கருப்பு மண்ணாச்சே, உதறினா போயிடும். இது பட்டா பட்டதுதான்."

திரையம்மாவுக்கு அந்தக் கறையே அழகாகத் தெரிந்தது. இன்னும் ஒரு வாரத்தில் தன் பையிலும் அது இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஏறத் தொடங்கினார்கள்.

மூன்றாவது மாடியில் யாரோ வெங்காயம் வதக்கினார்கள். ஐந்தாவது மாடியில் துவைத்த துணியின் சோப்பு வாசனை. எட்டில் ஒரு குழந்தை ஏழாம் வாய்ப்பாட்டை ராகம் போட்டு ஒப்பித்து, நடுவில் சிக்கிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து வந்தது. படிக்கட்டு திரும்பும் இடங்களில் எல்லாம் ஒரு ஜன்னல். கீழே எதிர்க் கட்டடத்தின் சுவர் மட்டும் தெரிந்தது. ஏற ஏறச் சுவர் குறைந்து வானம் கூடிக்கொண்டு வந்தது.

திரையம்மாவுக்கு மூச்சு வாங்கியது, ஆனால் பயமாக இல்லை. இந்த மூன்று வாரத்தில் கால்கள் அவளைக் கேட்காமலே படியைத் தேடிக்கொள்ளப் பழகியிருந்தன. மனம் அதன் பாட்டுக்கு எங்கோ போய்விடும். பன்னிரண்டாவது மாடியின் அரைவெளிச்சத்தில் அவள் கைப்பிடிக்குப் பதில் ஒரு மரக்கிளையைப் பிடித்துக்கொண்டு போனாள். பதினாலாவது மாடியில் காலுக்குக் கீழே புல் இருந்தது. இப்படியெல்லாம் அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் குட்டி நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள்.

பதினெட்டாவது மாடியில் பெரிய ஜன்னல். அதில் மலை முழுதாகத் தெரிந்தது. அதன் தோளில் இன்றைக்கும் ஒரு மேகம், சின்னது, ஒரே ஒரு ஜன்னலுக்குத்தான் தேறும்.

"பிரமாதமா ஏறினீங்க ரெண்டு பேரும்" என்றாள் விசில். "இந்த வயசுல இவ்வளவு நிதானமா ஏறி நான் பார்த்ததில்ல. சரி, இறங்கலாம்."

"இறங்கலாமே" என்றார் மெக்கானிக்.

கணவனும் மனைவியும் ஒன்றாகத் திரும்பி, ஒன்றாக நாலடி நடந்து, லிஃப்ட் முன்னால் போய் நின்றார்கள். அவர் பொத்தானை அழுத்தினார். அவள் தலைமயிரைச் சரிசெய்துகொண்டாள்.

விசில் முதலில் சிரித்தாள். அவர்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினாள்.

"ஏங்க... தினமும் இப்படித்தான் இறங்கறீங்களா?"

"ஆமா" என்றாள் திரையம்மா. "ஏறுறதுதானே கஷ்டம். இறங்கறதுல என்ன இருக்கு, தண்ணிகூடத் தானா இறங்கும்னு இவர் சொல்வார்."

"அம்மா, மலையில லிஃப்ட் இருக்காதே."

லிஃப்ட் வந்து, கதவைத் திறந்து, கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டு, மூடிக்கொண்டது.

வாசகர்களே, நீங்களாவது கவனித்தீர்களா? நானும்தான் மூன்று அத்தியாயமாக இவர்களைப் படியில் ஏற்றி லிஃப்டில் இறக்கிக்கொண்டிருந்தேன். இத்தனை கடிதம் வருகிறது, ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் மட்டும் நடக்கக்கூடிய தப்பு இது. குதிரைக்காரன் வீட்டில் யார் நடக்கிறார்கள்?

இறங்க ஆரம்பித்தார்கள்.

இரண்டு மாடி இறங்குவதற்குள் திரையம்மாவின் தொடைகள் நடுங்கத் தொடங்கின. ஏறும்போது அவள் சொன்னபடி கேட்ட கால்கள் இப்போது யாரோ அடுத்த வீட்டுக்காரருடையவை மாதிரி நடந்துகொண்டன. பை பின்னாலிருந்து தள்ளியது. மேகம், புல், மரக்கிளை எதுவும் மனசில் இல்லை. அடுத்த படி மட்டும் இருந்தது.

"முட்டிய விறைப்பா வெச்சுக்காதீங்கம்மா. லேசா மடக்குங்க. பாதத்தக் கொஞ்சம் பக்கவாட்டுல வையுங்க. அவசரமே இல்ல" என்று விசில் பக்கத்திலேயே வந்தாள்.

சொன்னபடி செய்தாள். பதினாலாவது மாடிக்கு வரும்போது நடுக்கம் அப்படியேதான் இருந்தது, பயம் மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது. தைக்கக் கற்றுக்கொண்ட முதல் நாளில் மெஷின் மிதியைக் காலால் பழக்கியது ஞாபகம் வந்தது. அதுவும் இப்படித்தான் முதலில் முரண்டு பிடித்தது.

அவர் பின்னால் வரும் சத்தம் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தாள். ஒரு படியில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டில் மறுபடி நாடா. பதினொன்றில் மறுபடி. நாடா அவிழவே இல்லை என்பதை திரையம்மா பார்த்துவிட்டாள். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் திரும்பி இறங்கினார். முகம் மட்டும் ஒன்றும் நடக்காதது போல இருந்தது.

பத்தாவது மாடித் திருப்பத்தில் அவருடைய வலது முட்டி சட்டென்று மடங்கிவிட்டது. கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினார். பையிலிருந்த ஸ்பேனர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சத்தம் போட்டன.

திரையம்மாவுக்கு உயிரே போய்விட்டது. எப்படி நாலு படி மேலே ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. அவரைப் பிடித்து உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். விசில் நல்ல பெண். தண்ணீர் புட்டியைக் கொடுத்துவிட்டு ஒரு மாடி கீழே போய் நின்றுகொண்டாள்.

"எத்தன நாளா?" என்று கேட்டாள் திரையம்மா.

அவர் நீட்டிய காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் அதையே பார்த்தாள். ஷூவின் அடியில், பள்ளங்களில், சிவப்பாக மண் அப்பியிருந்தது. கண் பார்த்தது, மனம் வாங்கிக்கொள்ளவில்லை.

"நாலஞ்சு வருஷமா. லிஃப்ட் கூரைமேல முட்டி போட்டே வேல பார்த்த உடம்பு. ஏறும்போது ஒண்ணும் தெரியாது. இறங்கும்போதுதான்..."

"அதனாலதான் லிஃப்டா? தண்ணி தானா இறங்கும்னு சொன்னதெல்லாம் அதுக்குத்தானா?"

அவர் தண்ணீர் புட்டியின் மூடியைத் திருகினார்.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கலாம்னு பார்த்தீங்களா? மலைமேல போயி என்ன செய்யறதா இருந்தீங்க? அங்கயே குடித்தனம் பண்றதாவா?"

"எனக்கு முட்டி சரியில்லன்னா நீ போகவே மாட்ட. பேர அடிச்சுடுவ. அது எனக்குத் தெரியும்." அவர் குரல் படிக்கட்டுக்கு மட்டும் கேட்கிற மாதிரி இருந்தது. "நான் முப்பது வருஷமா மேல போயி கீழ வந்துட்டு இருக்கேன். பெட்டிக்குள்ள. ஒரு தடவகூட வெளிய என்ன இருக்குன்னு பார்த்ததில்ல. நீ ஜன்னல் ஜன்னலா பார்த்துட்டு வந்து சொல்லுவ. நீ அந்த மேகத்துக்குள்ள நிக்கறத ஒரு தடவ பார்த்துட்டா போதும், அப்புறம் உருண்டாவது கீழ வந்துடலாம்னு இருந்தேன்."

திரையம்மாவுக்குக் கோபம் கோபமாக வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் அடக்கிக்கொண்டு அவர் முட்டியைத் தேய்த்துவிட்டாள்.

விசிலின் தீர்ப்பு எதிர்பார்த்ததுதான்.

"சார் வேணாம். நான் கூட்டிட்டுப் போனா அது தப்பு. அம்மா வரலாம். இன்னும் நாலஞ்சு நாள் இறங்கிப் பழகணும், அவ்வளவுதான்." பிறகு தயங்கினாள். "ஆனா ஒண்ணும்மா. முதல் தடவ வர்றவங்க ஜோடியாத்தான் வரணும். ஒரே கூடாரம், ஒருத்தர ஒருத்தர் கவனிச்சுக்கணும். எங்க குழுவுல அது கண்டிப்பு. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள்ள வேற துணை கிடைச்சா சொல்லுங்க, நான் வந்து பார்க்கறேன். இல்லேன்னா அடுத்த சீசன்."

சொல்லிவிட்டு விடைபெற்றாள். பத்தாவது மாடியில் கணவனும் மனைவியும் லிஃப்ட் முன்னால் நின்றார்கள். கதவு திறந்தது. அவர் உள்ளே போனார். அவள் போகவில்லை.

"நீங்க இதுல வாங்க. நான் படியில வரேன்."

"எதுக்கு? அதான் முடிஞ்சு போச்சே."

"முடியட்டும். ஆரம்பிச்ச படிய இறங்கி முடிச்சுடறேன்."

கதவு மூடியது. அவள் இறங்கினாள். ஒன்பதாவது மாடிக்கு வந்தபோது லிஃப்ட் கதவு திறந்து அவர் தலையை நீட்டினார்.

"நடுங்குதா?"

"போங்க."

எட்டில் கதவு திறந்தது. வாய்ப்பாட்டுக் குழந்தை ஏழைத் தாண்டி எட்டுக்குப் போயிருந்தது. "பக்கவாட்டுல வை" என்றார். "எனக்குத் தெரியும், போங்க." ஏழில் கதவு திறந்தது. அவர் கையை மட்டும் ஆட்டினார். ஆறில் வேறு யாரோ ஏறுவதற்குக் காத்திருந்தார்கள். அவர்களிடம் "ஒரு நிமிஷம், என் வீட்டுக்காரி வரட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரையம்மாவுக்குக் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. சிரித்துவிட்டாள். சிரித்ததும் கண்ணீர் வந்துவிட்டது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு மிச்சப் படிகளை இறங்கினாள். கீழே வந்து சேர்ந்தபோது தன் கால்கள் கடைசி மூன்று மாடியாக நடுங்கவே இல்லை என்பது தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

வீட்டில் குட்டி வாசலிலேயே கேட்டாள். சொன்னார்கள். அவள் அப்பாவைத் திட்டினாள், பிறகு அவர் காலுக்கு வெந்நீர் வைத்தாள்.

"நான் வரேம்மா. கண்ண மூடிட்டு வரேன்."

"கண்ண மூடிட்டு மலையேறவா? நீ ஸ்டூல்ல ஏறினாலே நாலு பேர் பிடிக்கணும்."

"உன் சிநேகிதி, அந்த நூல் கடைக்காரி?" என்றார் மெக்கானிக்.

"அவங்க மாடி வீட்டுக்கு வாடகைக்கே போக மாட்டேன்னவங்க. விடுங்க. அடுத்த சீசன் பார்த்துக்கலாம்."

அடுத்த சீசன் என்று எல்லா வீட்டிலும் ஒன்று உண்டு. அது வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

மெக்கானிக் காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். குட்டி மருந்துக் கடைக்குப் போனாள். சாயங்கால வெளிச்சம் கூடத்துக்குள் நீளமாக விழுந்திருந்தது. திரையம்மா தரையில் உட்கார்ந்து பையைப் பிரித்தாள். பழைய திரைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மடித்து அடுக்கினாள். அடியில், மூன்று வாரமாக எடைக்காக அவளோடு பதினெட்டு மாடி ஏறிய ஒரு வெள்ளைத் திரை இருந்தது. நாத்தனார் திருப்பிக் கொடுத்தது. பையிலிருந்ததிலேயே மெல்லியது அதுதான், தூக்கும்போது மட்டும் கனமாகத்தான் இருந்தது.

தன் ஷூவைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். அவருடையதையும் எடுத்து வைக்கலாம் என்று வாசலுக்குப் போனாள். அங்கே இல்லை.

பின்னால் தரையில் சத்தம் கேட்டது. அழுத்தமான, நிதானமான, பழகிய காலடி. திரும்பினாள்.

தபாலக்கா தன் அறை வாசலில் நின்றாள். காலில் மெக்கானிக்கின் மலை ஷூ. நாடா இரண்டு முடிச்சாக, சிப்பாய் மாதிரி இறுக்கிக் கட்டியிருந்தது.

"எனக்கும் தம்பிக்கும் ஒரே அளவு" என்றாள் தபாலக்கா. "வேலைல இருந்தப்பவே ஆம்பள ஷூதான் போடுவேன். லேடீஸ் ஷூ அந்த நடைக்குத் தாங்காது."

திரையம்மா பழக்கத்தில் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"குட்டி இங்க இல்ல. உன்கிட்டதான் சொல்றேன்."

ஒரு வருஷம்.

"லிஃப்ட் இல்லாத கட்டடமா பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு ஏரியா குடுப்பாங்க. முப்பது வருஷம் ஏறினேன், ஏறின படியெல்லாம் இறங்கினேன். முட்டி இன்னும் முட்டியா இருக்கு. இந்த ஷூவ ரெண்டு வாரமா மத்தியானத்துல நான்தான் போட்டு நடக்கறேன். இவன் தோலு தானா இளகிடுச்சுங்கறான், மக்கு." தபாலக்கா மூச்சு விட்டுக்கொண்டாள். படியேறினாலும் வாங்காத மூச்சு இப்போது வாங்கியது. "அந்தப் பொண்ணு ஜோடி வேணும்னு சொல்லிச்சாமே. நான் வரட்டுமா?"

"அண்ணி..."

"வேணாம்னா வேணாம்னு சொல்லிடு. மூஞ்சியத் தூக்கிட மாட்டேன்."

"நீங்கதான அண்ணி காலையில சாண் ஏறினா முழம்னு..."

"கூப்பிட மாட்டீங்களான்னு எத்தன விதமாத்தான் கேக்கறது?" என்றாள் தபாலக்கா. சொன்ன பிறகு அவளே திகைத்துப்போய் நின்றாள்.

திரையம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கரடுமுரடான, அகலமான கை. தபாலக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியே அவளை அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள்.

அந்த ஜன்னல் திறந்திருந்தது. மழையானாலும் பனியானாலும் திறந்தே கிடக்கும் ஜன்னல். தெருக்கோடியில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு முழ அகலத்துக்கு இடைவெளி. அதில், சாயங்காலத்து நீலத்தில், மலை நின்றது. தரைத்தளத்து வீட்டிலிருந்து இது தெரியும் என்று திரையம்மாவுக்கு இந்த நிமிஷம் வரைக்கும் தெரியாது.

"நீ திரை மாட்டின அன்னிக்கு மழை. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றாள் தபாலக்கா. "மறுநாள் வெளுத்துடுச்சு. திரைய ஒதுக்கிப் பார்த்தேன். திரும்பத் திரும்ப ஒதுக்க வேண்டியிருந்துச்சு. அவ்வளவு அழகா தைச்சிருந்த, வேணாம்னு எந்த வாயால சொல்றது? அதான் பேசாம மடிச்சு வெச்சேன்."

"பேசாம மடிச்சு வெச்சதுதான் அண்ணி பொறுக்கல."

"தெரியும். தெரிஞ்சப்புறம் பேச வாய் வரல."

இருவரும் அந்த ஒரு முழத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரே வீட்டில், ஒரு சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உட்கார்ந்து, ஒரே மலைக்குத் தனித்தனியாக ஆசைப்பட்டிருக்கிறார்கள். காலையில் பார்த்த மேகம் இன்னும் போகவில்லை. கட்டடச் சந்தில் மெல்ல மெல்ல நகர்ந்தது. இரண்டு ஜன்னலுக்குத் தேறும் என்று திரையம்மா நினைத்தாள்.

"திங்கட்கிழமை அந்தப் பொண்ணு வரட்டும். ரெண்டு பேரும் இறங்கிக் காட்டலாம்" என்றாள்.

"ஏறியும் காட்டணும்டி" என்றாள் தபாலக்கா. ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்த 'டி'. திரையம்மாவுக்கு அது அவ்வளவு இனித்தது.

"சரி சரி, கழட்டுங்க. துடைச்சு வைக்கறேன்." சிரித்துக்கொண்டே குனிந்து ஒரு ஷூவைக் கழற்றி வாங்கினாள். அடியைத் திருப்பினாள். பத்தாவது மாடியில் கண் பார்த்ததை மனம் இப்போதுதான் வாங்கிக்கொண்டது. பள்ளங்களில் காய்ந்து அப்பியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். சிவப்பு. நல்ல சிவப்பு. இந்த ஊரில் எந்தத் தெருவிலும் இல்லாத சிவப்பு.

"மத்தியானத்துல எதுவரைக்கும் அண்ணி நடப்பீங்க?"

"இங்கதான். தெருக்கோடி வரைக்கும்."

"இது அடிவாரத்து மண்ணு அண்ணி."

தபாலக்கா அவள் விரலில் இருந்த மண்ணைப் பார்த்தாள். மலையைப் பார்த்தாள். கூடத்தில் கண்மூடிப் படுத்திருந்த தம்பியை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள், ஒரு காலில் ஷூவும் ஒரு கால் வெறுமையாகவும்.

"அந்த ஜன்னலச் சாத்து" என்றாள். "சொல்றேன்."